மூளை அழற்சிக்கு இரட்டை மருந்து: ஸ்டெம் செல்லும் மூலிகைச் சேர்மமும்

பக்கவாதத்தில் மூளைக்கு இரண்டு முறை அடி விழுகிறது. இரத்தக்கட்டி குழாயை அடைக்கும்போது விழுவது முதல் அடி. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்று மருத்துவர்கள் துடிப்பது அதனால்தான். இரண்டாவது அடி மெதுவாக விழுகிறது. அடைப்புக்குச் சில மணி நேரம் கழித்துத் தொடங்கி நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீளும் அழற்சி அது. முதல் அடியில் தப்பிய நரம்பணுக்களையும் அது விட்டுவைப்பதில்லை.

முதல் அடிக்கு மருந்து உண்டு. ஆனால் நம் ஊரில் பலர் அந்த நேரத்தைத் தவறவிட்ட பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். வாய் கோணியதைக் கண்டும் விடியட்டும் என்று காத்திருந்தவர்கள், எண்ணெய் தேய்த்துப் பார்த்தவர்கள், ஊசி வசதி இல்லாத மருத்துவமனைக்கு முதலில் போனவர்கள் அவர்களில் உண்டு. இப்படித் தாமதித்து வருகிறவருக்கு இரண்டாவது அடியையாவது தடுக்க முடியுமா என்பது இன்றைய நரம்பியலின் பெரிய கேள்விகளுள் ஒன்று. அதற்கு முன்வைக்கப்படும் பதில்களில், ஸ்டெம் செல்லையும் தாவரச் சேர்மத்தையும் சேர்த்துக் கொடுப்பது சென்னைவாசிகளின் காதில் உடனே ஏறக்கூடியது. நவீன உயிரியலும் நாட்டு மருந்தும் கைகோக்கும் யோசனை என்பதால் அதற்கு இயல்பாகவே ஒரு கவர்ச்சி இருக்கிறது. அந்தக் கவர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு, இதுவரை எது நிரூபணமாகியிருக்கிறது, எது பாக்கி என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

அழற்சியின் இரு முகம்

சாகும் நரம்பணு உடையும்போது உள்ளே இருந்த ஏடிபி, ஹெச்எம்ஜிபி1 போன்ற பொருட்கள் வெளியே கொட்டுகின்றன. மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியா அதை ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் உள்ள டிஎல்ஆர்4 என்னும் ஏற்பி தூண்டப்படுகிறது. என்எஃப்-கப்பா பி என்னும் புரதம் அணுக்கருவுக்குள் நுழைந்து, அழற்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற செய்திப் புரதங்கள் சுரக்கின்றன. அவற்றின் அழைப்பை ஏற்று இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. வரும் வழியில் அவை வெளியிடும் நொதிகள் மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள தடுப்பைச் சிதைக்கின்றன. நீர் கசிந்து மூளை வீங்குகிறது. மண்டை ஓட்டுக்குள் விரிய இடமில்லாத மூளை, வீங்கும்போது தன்னையே நசுக்கிக்கொள்கிறது.

அப்படியானால் அழற்சியை முழுவதுமாக அடக்கிவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டாமல் தடுக்கும் என்லிமோமாப் என்ற எதிர்ப்பொருளை 625 நோயாளிகளைக் கொண்டு சோதித்த ஆய்வின் முடிவு 2001-இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களின் நிலை வெற்று மருந்து பெற்றவர்களைவிட மோசமாக இருந்தது. இதன் பாடம் கனமானது. அழிவைப் பெருக்கும் அதே மைக்ரோகிளியாதான் சில நாட்கள் கழித்து இறந்த அணுக்களை விழுங்கித் துப்புரவு செய்கிறது, வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து ஆற்றவும் செய்கிறது. பக்கவாதம் வந்தவரின் உடலில் நோயெதிர்ப்பு ஏற்கெனவே தளர்ந்து போயிருப்பதால் நிமோனியா எளிதில் தொற்றுகிறது. ஆகவே தேவைப்படுவது அழற்சியை அணைக்கும் மருந்தல்ல, அதன் போக்கைத் திருப்பும் மருந்து. ஸ்டெம் செல், தாவரச் சேர்மம் ஆகிய இரண்டின் மீதும் ஆய்வாளர்களின் கண் விழுந்தது இந்த இடத்தில்தான்.

ஸ்டெம் செல் கற்றுத்தந்தது

ஸ்டெம் செல் மருத்துவம் பொய்யல்ல. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களில் அது உயிர் காக்கும் சிகிச்சை. அங்கே மாற்றப்படும் அணுக்கள் மஜ்ஜையில் குடியேறிப் புது இரத்தத்தை உண்டாக்குகின்றன. அதேபோல மூளையிலும் புது நரம்பணுக்கள் முளைக்கும் என்பதுதான் தொடக்கத்தில் இருந்த நம்பிக்கை.

மூளை அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்கவில்லை. சிரை வழியே செலுத்தும் மீசன்கைமல் வகை ஸ்டெம் செல்களில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொள்கிறது. மூளையை எட்டுபவை சொற்பம். எட்டியவற்றில் நிலைப்பவை அதைவிடச் சொற்பம். இருந்தும் விலங்குகளில் பயன் தெரிந்தது. அந்த அணுக்கள் சுரக்கும் புரதங்களும், எக்சோசோம் எனப்படும் நுண்ணிய கொழுப்புப் பொதிகளும்தான் வேலை செய்கின்றன, மண்ணீரலில் உள்ள நோயெதிர்ப்பு அணுக்களையும் மூளையின் மைக்ரோகிளியாவையும் சாந்தப்படுத்துகின்றன என்ற விளக்கம் வலுப்பெற்றது. இன்று ஸ்டெம் செல்லை மாற்று உறுப்பாகப் பார்ப்பவர்கள் குறைவு. மருந்து சுரக்கும் அணுவாகப் பார்ப்பவர்களே அதிகம்.

மனிதர்களில் என்ன ஆயிற்று? இந்தியாவிலேயே நேர்மையான பதில் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் நரம்பியல் பேராசிரியர் காமேஷ்வர் பிரசாத் தலைமையில் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து 120 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2014-இல் ‘ஸ்ட்ரோக்’ இதழில் வெளிவந்தது. பக்கவாதம் வந்து 7 முதல் 30 நாட்களுக்குள் அவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு அவரவர் எலும்பு மஜ்ஜையிலிருந்தே அணுக்களைப் பிரித்தெடுத்து, சராசரியாக 28 கோடி அணுக்களைச் சிரை வழியே செலுத்தினார்கள். குளிப்பது, உடுத்துவது, நடப்பது, கழிப்பறைக்குப் போவது போன்ற அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் திறனை அளக்கும் பார்த்தெல் அளவுகோலில் 180-ஆம் நாள் கிடைத்த மதிப்பெண், அணுக்கள் பெற்றவர்களுக்கு 63.1; பெறாதவர்களுக்கு 63.6. சிகிச்சை பாதுகாப்பானதுதான், ஆனால் பயன் தெரியவில்லை என்று ஆய்வாளர்கள் ஒளிவுமறைவின்றி எழுதினார்கள்.

தாமதமாகக் கொடுத்ததுதான் காரணமோ என்று எண்ண இடமிருந்தது. ஜப்பானில் நடந்த ‘ட்ரெஷர்’ ஆய்வில் 18 முதல் 36 மணி நேரத்துக்குள்ளேயே கொடையாளரின் அணுக்களைக் கொடுத்தார்கள். 206 நோயாளிகளைப் பற்றிய அந்த முடிவு 2024-இல் வந்தது. மிகச் சிறப்பாகத் தேறியவர்கள் அணுக்கள் பெற்ற பிரிவில் 11.5 விழுக்காடு, வெற்று மருந்துப் பிரிவில் 9.8 விழுக்காடு. புள்ளியியல் கண்ணில் இது வித்தியாசமே அல்ல. ஸ்டெம் செல் தனியாக நின்று பக்கவாதத்தை வெல்லும் என்பதற்குச் சான்று இன்னும் கிடைக்கவில்லை. துணை தேடியதன் காரணம் இதுதான்.

கச்சேரி சாலையிலிருந்து ஆய்வகம் வரை

மயிலாப்பூர் கச்சேரி சாலையில், ‘டப்பா செட்டி கடை’ என்று ஊரே அழைக்கும் பழைய நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சரக்குகளில் மஞ்சள், மிளகு, பச்சைக் கற்பூரம் என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூன்றுமே மூளை அழற்சி ஆய்வுகளில் இடம்பெற்றவை. ஆனால் மூன்றின் தகுதியும் ஒன்றல்ல.

மஞ்சளில் குர்குமின் 2 முதல் 5 விழுக்காடுதான். ஆய்வகக் கிண்ணத்தில் அது என்எஃப்-கப்பா பி-யைத் தடுக்கிறது, மைக்ரோகிளியாவை அடக்குகிறது. வாய்வழி சாப்பிட்டாலோ இரத்தத்தில் ஏறுவதே அபூர்வம். நீரில் கரையாது, குடலில் சரியாக உறிஞ்சப்படாது, உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் விரைவில் மாற்றிக் கழித்துவிடுகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் அதன் இருப்பு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஆய்வு அது. எனினும் மூளையைக் காக்கும் அளவை அது எட்டிவிட்டது என்று யாரும் நிறுவவில்லை. பைப்பரின் கல்லீரலின் வேகத்தைக் குறைத்தே இந்தக் காரியத்தைச் செய்கிறது. ஆகவே வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகளின் அளவும் இரத்தத்தில் கூடிவிடும். குர்குமின் ஆய்வுகளை மருந்து வேதியியல் கோணத்தில் அலசிய 2017-ஆம் ஆண்டு மீளாய்வு, எண்ணற்ற ஆய்வுகளுக்குப் பிறகும் வெற்று மருந்தோடு ஒப்பிட்ட, உறுதியான வெற்றி பெற்ற மனித ஆய்வு இல்லை என்று கடுமையாகவே சொன்னது.

பச்சைக் கற்பூரத்தின் கதை வேறு. போர்னியோ, சுமத்ரா காடுகளின் மரத்திலிருந்து கிடைத்த பழைய கற்பூரத்தின் சாரம் போர்னியோல் என்னும் சேர்மம். சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் அந்தக் கற்பூரத்துக்குப் பேர்போனது. அங்கே ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088-இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. அந்தச் சேர்மத்தின் வலம்புரி வடிவத்தைத் தூய்மையாக்கி, எடாரவோன் என்ற மருந்தோடு கலந்து சீன மருத்துவர்கள் 1,165 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு எடாரவோன் மட்டும், மறு பிரிவுக்கு எடாரவோனும் போர்னியோலும். பக்கவாதம் வந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கிப் பதினான்கு நாள் சிகிச்சை. 90-ஆம் நாள் ஏறக்குறைய ஊனமின்றித் தேறியவர்கள் கலவை பெற்ற பிரிவில் 67.18 விழுக்காடு, தனி மருந்துப் பிரிவில் 58.97. ‘டேஸ்ட்’ எனப்படும் இந்த ஆய்வு 2021-இல் வெளியானது. செலரி விதையில் கண்டறியப்பட்ட பியூட்டைல்ஃப்தாலைடு என்ற சேர்மமும் 1,216 பேரைக் கொண்ட சீன ஆய்வில் 56.7-க்கு 44.0 என்ற கணக்கில் பயன் காட்டியது. இரண்டுமே ஒரே நாட்டில் நடந்தவை. வேறு நாடுகளிலும் உறுதிப்பட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கோயில் தீபாராதனைக்கு ஏற்றும் கற்பூரம் வேறு சேர்மம். அது வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். கடையில் எந்தப் பெயரில் கிடைத்தாலும் கற்பூரத்தை யாரும் பக்கவாதத்துக்கு மருந்தாக உட்கொள்ளக் கூடாது. ‘டேஸ்ட்’ ஆய்வில் வென்றது அளவிட்ட, தூய்மை சோதிக்கப்பட்ட, சிரை வழியே செலுத்திய மருந்து. கடைச் சரக்குக்கு அந்த வெற்றியில் பங்கு கிடையாது.

இரண்டும் சேரும்போது

சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் மருந்து தனியே போவதில்லை. தேன், நெய், பால், வெந்நீர் என்று ஏதாவது ஓர் அனுபானம் அதைச் சுமந்து செல்லும். எந்த மருந்துக்கு எந்த அனுபானம் என்பதே அங்கே ஒரு தனிக் கலை. ஸ்டெம் செல்–மூலிகைச் சேர்க்கையின் மிக நம்பிக்கையூட்டும் பகுதியும் இந்தத் தடத்தில்தான் போகிறது. குர்குமினைச் சுமக்க எக்சோசோமையே வாகனமாக்குகிறார்கள். அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகக் குழு 2016-இல், சுண்டெலியின் கருநிலை ஸ்டெம் செல்கள் வெளியிட்ட எக்சோசோம்களில் குர்குமினை ஏற்றி, பக்கவாதம் உண்டாக்கிய சுண்டெலிகளுக்கு மூக்கு வழியே கொடுத்தது. அழற்சி குறைந்தது. மூளை–இரத்தத் தடுப்பின் அணுக்களை ஒன்றோடொன்று தைத்து நிறுத்தும் புரதங்கள் மீண்டன. 2018-இல் சீன ஆய்வாளர்கள் மீசன்கைமல் அணுக்களின் எக்சோசோம் மேல், சேதமான மூளைப் பகுதியைத் தேடிப் பிடிக்கும் ஒரு சிறு பெப்டைடைப் பொருத்தினார்கள். குர்குமின் அந்தப் பகுதியை எட்டியது. அழற்சியும் அணுக்களின் சாவும் அங்கே வெகுவாக அடங்கின.

சேர்க்கைக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஸ்டெம் செல்லை ஆய்வகத்திலேயே தாவரச் சேர்மத்தில் ஊறவைத்துப் பதப்படுத்திவிட்டு உடலில் செலுத்துவது ஒன்று. அழற்சி கொதிக்கும் இடத்தில் அந்த அணுக்கள் சாகாமல் தாக்குப்பிடிக்க அது உதவலாம். அணுக்களையும் சேர்மத்தையும் தனித்தனியே, ஒரே சமயத்தில் கொடுப்பது மற்றொன்று.

சேர்த்தால் இரட்டிப்புப் பயன் என்று முன்கூட்டியே முடிவு கட்ட முடியாது. சுண்டெலியின் நரம்பு முன்னோடி அணுக்களில் 2008-இல் செய்த ஒரு பரிசோதனையில் குறைந்த அளவு குர்குமின் அணுக்களைப் பெருகச் செய்தது; அளவு கூடியதும் அவற்றையே கொன்றது. காக்க வந்த சேர்மம் கூட்டாளி அணுக்களை அழிக்கும் வாய்ப்பு உண்மையானது. ஆகவே ஒரு சேர்க்கை மருந்து பயன் தருகிறதா என்று அறிய நோயாளிகளை நான்கு பிரிவாக்க வேண்டும். வழக்கமான சிகிச்சை மட்டும், அதோடு ஸ்டெம் செல், அதோடு சேர்மம், அதோடு இரண்டும். கடைசிப் பிரிவு மற்ற மூன்றையும் விஞ்சினால்தான் சேர்க்கைக்குப் பொருள் உண்டு. பக்கவாத நோயாளிகளிடம் இப்படி ஒரு முழு ஆய்வு நடந்து சேர்க்கை வென்றது என்று காட்ட இன்று எவரிடமும் சான்று இல்லை. சுண்டெலிகளில்தான் இருக்கிறது.

சுண்டெலியில் வெல்வது மனிதனில் வெல்லும் என்று சொல்லவும் முடியாது. பக்கவாதத்துக்காக ஆய்வுகளில் முயன்ற 1,026 சிகிச்சைகளை 2006-இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. விலங்குகளில் பயன் காட்டியவை நூற்றுக்கணக்கில். மனிதரில் நிலைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. எலியின் மூளை சுமார் 2 கிராம். மனித மூளை 1,300 கிராமுக்கு மேல். எலி மூளையில் நரம்பு இழைகளாலான வெண்பொருள் மிகக் குறைவு. நம் மூளையில் அது ஏறத்தாழப் பாதி. ஆய்வகத்து எலி இளையது, ஆரோக்கியமானது. நம் வார்டில் படுத்திருப்பவரோ அறுபதைத் தாண்டியவர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடவே இருக்கும். இதை உணர்ந்த அமெரிக்க ஸ்பான் கூட்டமைப்பு, முதிய, பருமனான, இரத்த அழுத்தமுள்ள விலங்குகளையும் சேர்த்து, 2,615 விலங்குகளில் ஆறு சிகிச்சைகளைப் பல ஆய்வகங்களில் ஒரே முறையில் சோதித்தது. தேறியது யூரிக் அமிலம் ஒன்றுதான். குர்குமின் ஏற்றிய எக்சோசோமும் முதலில் ஏற வேண்டிய தராசு இது.

சென்னையால் என்ன முடியும்

இரு மருத்துவங்களையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும் முயற்சி சென்னைக்குப் புதிதல்ல. நாட்டு மருத்துவத்தை ஆராயச் சென்னை அரசு 1921-இல் அமைத்த உஸ்மான் குழுவின் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. மேல்நாட்டு மருத்துவம் படித்தவர். பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநராக இருந்தவர். நாட்டு மருத்துவத்தை அறிவியலோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்ற கருத்தில் உருவான அரசு இந்திய மருத்துவப் பள்ளி 1925-இல் திறந்தபோது அவரே முதல்வரானார். 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தி பிற்காலத்தில் பணியாற்றிய அடையாறு வி.ஹெச்.எஸ். நரம்பு அறுவை மையம், டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் பெயரைத் தாங்கியது. ஆங்கில மருத்துவம் கற்று ஆயுர்வேதத்துக்கு வந்தவர் லட்சுமிபதி.

நாட்டு மருந்து எப்படி உலக மருந்தாகிறது என்பதற்கும் இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று 1931-இல் கல்கத்தாவின் சென்னும் போஸும் எழுதினார்கள். 1949-இல் மும்பை இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் தம் நோயாளிகளின் கணக்கை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்ட பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. மனச்சோர்வு உள்ளிட்ட பக்கவிளைவுகள் தெரிந்ததும், நல்ல மருந்துகள் வந்ததும், அது ஒதுங்கியது. நோயாளிக்கு முன்னால் கணக்கு வைத்து, பக்கவிளைவையும் மறைக்காமல் எழுதியதால்தான் அந்த வேருக்கு அறிவியலில் இடம் கிடைத்தது. பக்கவாதத்தின் முதன்மைக் காரணமான இரத்த அழுத்தத்துக்கே ஒரு மூலிகை இப்படி வழிகாட்டியிருப்பது நமக்கு ஊக்கம் தர வேண்டும்.

இன்று வசதிகளுக்குக் குறைவில்லை. ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022-இல் தொடங்கப்பட்டது. முழு மனித மூளையை மெல்லிய சீவல்களாக்கி அணு அளவில் படமெடுக்கிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளையைப் பற்றி 2024 இறுதியில் அது வெளியிட்ட ‘தாரணி’ தொகுப்பில் 5,132 சீவல்களின் படங்கள் உள்ளன. எலியிலிருந்து மனிதனுக்குத் தாவும்போது தடுமாறும் ஒரு துறைக்கு இத்தகைய வரைபடம் பெரிய பலம். தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிரியல் ஆய்வகங்கள், அரும்பாக்கத்தில் மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுமம், சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் கழகம், இரண்டரை மணி நேரப் பயணத்தில் வேலூரின் ஸ்டெம் செல் ஆய்வு மையம். சேர்மத்தைத் தூய்மையாக்கி அளவு வகுப்பவர், அணுக்களை வளர்ப்பவர், மூளையைப் படமெடுப்பவர், நோயாளியைப் பார்ப்பவர் என எல்லோரும் இருக்கிறார்கள். ஒரே நெறிமுறையில், நான்கு பிரிவுகளோடு, அரசு மருத்துவமனை நோயாளிகளை மையமாக வைத்து இவர்கள் ஓர் ஆய்வைத் திட்டமிட வேண்டும்.

அதுவரை, வீட்டில் ஒருவர் கைகால் விழுந்து படுத்திருக்கும் குடும்பம் என்ன செய்வது? பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் விலை சொல்பவர்களிடம் நகைகளை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட இரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம். ஆய்வில் சேர்ப்பவர் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உங்கள் ஆய்வின் எண் என்ன என்று கேளுங்கள். அடுத்து, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு மஞ்சள் சாரம், ஜிங்கோ போன்ற மாத்திரைகளை மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடும். சமையலில் சேரும் மஞ்சளும் மிளகும் இருக்கட்டும். மிச்சப்படும் பணமும் நேரமும் பயிற்சிக்குப் போகட்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. தினமும் பொறுமையாகச் செய்யும் அந்தப் பயிற்சிக்கு இருக்கும் சான்று எந்த எக்சோசோமுக்கும் இன்று இல்லை.

சேர்க்கை மருந்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. போர்னியோல் காட்டிய வழி, எக்சோசோம் திறந்த கதவு இரண்டும் வீணாகப் போகக் கூடாதவை. அந்த நம்பிக்கைக்கு நாம் செய்யும் மரியாதை, அதைச் சோதனைக்கு உட்படுத்துவதே. நான்கு பிரிவு ஆய்வில் தேறி வரும் நாளில், அந்த மருந்து முதலில் அரசு மருத்துவமனை வார்டுக்கு, இலவசமாக வர வேண்டும். அதற்கு முன்னால் அதை விலை வைத்து விற்க எவருக்கும் உரிமை இல்லை.